கை பிரேக் மேல் இருந்த கை

என் அத்தாவுக்கு,

உங்க மேல் ஸலாம் உண்டாகட்டும். ஆம்பிளைங்க வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டுக் கபருஸ்தானுக்கு வந்து உங்களை அடக்கின இடத்தில் நின்றுவிட்டுப் போகிறார்கள். நான் அங்கே வர முடியாது. வந்தாலும் என் வாயிலிருந்து எத்தனை சொல் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவதை முடிக்காதவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் விட்டுவிடுங்க.

முதலில் சேதி. கார் போய்விட்டது, அத்தா. சங்கராபுரம் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து ஷெட்டில் கோழி முட்டை வைக்கிற இடமாகக் கிடந்து, நீங்க கயிறு கட்டி இழுத்து வந்தீங்களே, அந்தச் சிவப்புக் கார். இரண்டு பேர் மட்டும் உட்காருகிற, மேலே கூரை இல்லாத, பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் வந்து ஞாயிற்றுக்கிழமை தானே ஓட்டிக்கொண்டு போனார். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீங்க. எட்டு மாதம் அது கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் நின்றது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், காருக்குச் சக்களத்தி என்று பேர் வைத்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாங்க.

வாங்க வருவதற்கு முன்னால் அந்தப் பாண்டிக்காரர் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பிரேக்கு நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்குதுங்க. அவரு இருந்தப்பவே டிஸ்க்கு போட்டுட்டாரு" என்று அம்மா சொல்லிவிட்டாங்க. அவர் பாண்டி வரைக்கும் ஓட்டிப் போகப் போகிறவர். அம்மா சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று எனக்குப் பயம் வந்தது.

முன் சக்கரம் இரண்டையும் நாம் சேர்ந்துதான் மாற்றினோம். பழைய டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டினோம். ஏர் எடுக்கும்போது நீங்க காருக்கடியில், நான் பெடலில். குழாய்க்குள் நிற்கிற காற்றை வெளியே தள்ளுகிற வேலை அது, ஒரு ஆளால் ஆகாது. நீங்க "அமுக்கு" என்பீங்க. அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "புடிச்சிக்கினேன்" என்று நான் சொல்ல வேண்டும். அப்போதுதான் நீங்க அடியில் திருகைத் திறப்பீங்க. என் குரல் உங்க வரைக்கும் வராது. தலையை வெளியே நீட்டி, "மேல ஆளு குந்திக்கினு இருக்குதா, பூனை குந்திக்கினு இருக்குதா?" என்பீங்க. நான் சிரிப்பேன். அதுவும் சத்தமில்லாமல்.

அதனால் முன்பக்கம் எனக்குத் தெரியும். பின்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்துப் பார்த்தேன்.

பின் சக்கரங்களுக்குப் போகிற பிரேக் குழாய் நடுவில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டின முனையை இரண்டு மடிப்பாக மடக்கி, குறடால் நசுக்கி, அதற்கு மேலே மோட்டார் சுற்றுகிற செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. பெடலை எவ்வளவு அமுக்கினாலும் பின்னால் ஒரு சொட்டு எண்ணெய் போகாது. பின் சக்கரத்தில் எண்ணெய் ஒழுகி முன் பிரேக்கும் போய்விடாமல் இருக்கத்தான் இப்படி அடைப்பார்கள்.

அந்தக் கட்டு யாருடையது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பம்ப் செட் சாமான் விற்கிற கடைக்காரர் நீங்க, எதைக் கட்டினாலும் செம்புக் கம்பியில்தான் கட்டுவீங்க. உங்க மூக்குக்கண்ணாடிக் காதில் இருந்ததும் இதே கட்டுதான். மூன்று சுற்று, பிறகு முனையை உள்ளே செருகி, யாருக்கும் குத்தாதபடி.

எப்போது கட்டினீங்க? படுத்தபடியே யோசித்தேன். அந்தக் கார் கள்ளக்குறிச்சியைத் தாண்டிப் போனது ஒரே ஒரு நாள்தான்.

டிஸ்க் போட்ட சந்தோஷத்தில் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போனோமே, அன்றைக்கு. திரும்பும்போது மலைமேல் ஒரு டீக்கடையில் நிறுத்தினீங்க. "சைலன்சர் கிளாம்பு லூசாயிடிச்சிம்மா, நீ போயி உள்ள குந்து" என்றீங்க. அரை மணி நேரம் அடியில் கிடந்தீங்க. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி யாருக்கோ போன் பேசினீங்க. பிறகு புறப்பட்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எட்டு மாதமாக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கியரிலேயே இறங்கினோம். தலையில் விறகுக்கட்டோடு நடந்த ஒரு அக்கா நம்மைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தாங்க. நான் பயப்படுவேன் என்றுதான் இவ்வளவு மெதுவாகப் போகிறீங்க என்று நினைத்தேன். உங்க இடது கை நமக்கு நடுவில் இருந்த கை பிரேக்கின் மேல் இருந்தது. சும்மா வைத்திருக்கிறீங்க என்று நினைத்து, அதன் மேல் என் கையை வைத்தேன். நீங்க எடுக்கச் சொல்லவில்லை. "ஏதாச்சும் பேசிக்கினு வாம்மா" என்றீங்க.

பேசினேன். பள்ளிக்கூடத்தை ஏன் விட்டேன் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னேன். வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடும்போது என்னால் குரல் கொடுக்க முடியாது. கையைத் தூக்குவேன், டீச்சர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாங்க. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே நான் வராதவள் ஆனேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவும் மறந்துவிட்டார்கள். வந்தாலும் வராதவள்தான் என்றால் எதற்கு வர வேண்டும் என்று ஒரு நாள் நின்றுகொண்டேன். வயிற்றுவலி என்று வீட்டில் சொன்னது பொய். இவ்வளவையும் சொன்னேன். நீங்க "உம்" என்றீங்க. "சரிம்மா" என்றீங்க. வளைவு வந்தால் அந்த "உம்" கூட வரவில்லை.

அவ்வளவு நேரம் நான் பேசியதும் அன்றைக்குத்தான், ஒருவர் கேட்டதும் அன்றைக்குத்தான். அப்படித்தான் நினைத்திருந்தேன். நீங்க கேட்டீங்களா, அத்தா? இல்லை, வளைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீங்களா? பின்னால் மிச்சமிருந்தது கை பிரேக் ஒன்றுதான், அதுவும் எண்ணெயில் ஊறிப் பாதிதான் பிடித்திருக்கும். அதைப் பிடித்திருந்த கையின் மேல் என் கை வேறு. அது உங்களுக்கு ஆறுதலா, பாரமா?

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாங்க. கழற்றின குழாயைக் காட்டி, "அன்னைக்கி மலையிலருந்து அத்தா உங்களுக்கா போன் பண்ணாரு?" என்று கேட்டேன்.

அம்மா குழாயைப் பார்க்கவில்லை. "எனக்குத்தான். பிரேக்கு போயிடிச்சி, ஒரு மாதிரி கட்டிட்டேன், புள்ளகிட்ட சொல்லாதன்னாரு. நான் வுட்டேனா? புள்ளைய பஸ்ல ஏத்தி அனுப்பிட்டு நீங்க இன்னா வேணா பண்ணிக்கினு வாங்கன்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"அது தனியா பஸ்ல ஏறாது, கண்டக்டரு எங்கன்னு கேட்டா வாயத் தொறக்காதுன்னாரு."

அம்மாவே தொடர்ந்தாங்க. "அப்ப காரை அங்கியே வுட்டுட்டு ரெண்டு பேருமா பஸ்ல வாங்கன்னேன். சக்களத்திய நடுரோட்டுல வுட்டுட்டு வரச் சொல்றியான்னு சிரிக்கிறாரு. நீங்க வூடு வந்து சேர்ற வரிக்கும் நான் சோறு வடிக்கல."

எனக்காகவா, காருக்காகவா? என்னால் பஸ் ஏற முடிந்திருந்தால் நீங்க தனியாக இறங்கியிருப்பீங்க. காரை விட மனசிருந்தால் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்திருப்போம். இதில் எதை நினைத்து அழுவது, எதை நினைத்துக் கோபப்படுவது? இரண்டும் சேர்ந்து வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது?

உங்க மேசை டிராயரில் பின் சக்கரத்துக்கான ரப்பர் வாஷர் பாக்கெட் பிரிக்காமல் இருந்தது. வாங்கித்தான் வைத்திருந்தீங்க. மலையிலிருந்து வந்து இருபத்து மூன்று நாள், பிறகு கடையில் பெல்ட் அளந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டீங்க. அந்த இருபத்து மூன்று நாளில் ஏன் போடவில்லை? நான் அடியில் வந்து அந்தக் கட்டைப் பார்த்துவிடுவேன் என்றா?

லேத் பட்டறையில் பழைய குழாயை நீட்டினேன். அதே நீளத்துக்குப் புதுசு வளைத்துக் கொடுத்தார்கள். பிரேக் கட்டைக்குப் புது லைனிங் ஒட்டி வாங்கினேன். உங்க பாக்கெட்டைப் பிரித்து வாஷரை மாற்றினேன். ஏர் எடுக்க இன்னொரு ஆள் வேண்டுமே, அம்மாவைக் கூப்பிட்டேன்.

சக்களத்தி மடியில் அம்மா முதல் தரமாக உட்கார்ந்தாங்க. "இன்னாடி இது, தண்ணித் தொட்டியில குந்தின மாதிரி இருக்குது. இதுக்கா இவ்ளோ ஆட்டம் ஆடுனாரு?" என்றாங்க. நான் அடியில் படுத்துக்கொண்டு, "அமுக்குங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அம்மா அதட்டவில்லை. கையில் கிடைத்த ஸ்பேனரால் கதவில் இரண்டு தட்டு தட்டினாங்க. என் கையும் தானாக இரண்டு தட்டு தட்டியது. பெடல் கீழே போனது. திருகைத் திறந்தேன். குமிழி குமிழியாகக் காற்று வந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அது நம்முடைய தட்டு, அத்தா. முன்பெல்லாம் நான் பின் அறையில் பேரிங் அடுக்கிக்கொண்டிருந்தால், கல்லாவிலிருந்து "நஸ்ரீனு, இருக்கியா?" என்று கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பீங்க. கடைசியில், எந்த நாளிலிருந்து என்று நினைவில்லை, கூப்பிடுவதை நிறுத்திவிட்டீங்க. இரும்பு மேசையில் இரண்டு தட்டு, உள்ளேயிருந்து நான் இரண்டு தட்டு. உங்களுக்கு மூச்சு வாங்குகிறது, அதனால்தான் சத்தம் போடவில்லை என்று நினைத்திருந்தேன்.

"இந்தத் தட்டு யாரு உங்களுக்குச் சொன்னது?"

"உங்கத்தாதான். பேரச் சொல்லிக் கூப்ட்டுட்டு பதிலுக்கு நிக்காத, ரெண்டு தட்டு தட்டு, அது தட்டும்னாரு."

"எப்ப சொன்னாரு? மலைக்குப் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடி என்றால், பெயர் கூப்பிடுவதைப் பற்றி நான் சொன்னதை நீங்க கேட்டிருக்கிறீங்க. அம்மா யோசித்தாங்க. "அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிக்கினா? கால் கடுக்குது, வுட்டுடறேன்."

திருகு திறந்திருந்தது. இப்போது பெடலை விட்டால் வெளியே போன காற்றெல்லாம் உள்ளே திரும்பிவிடும். "வுடாதீங்க" என்று கத்தினேன். ஷெட் தகரத்தில் பட்டு அது திரும்பி வந்தது.

அம்மா, காலை எடுக்காமலே, "இவ்ளோ தொண்டைய எங்கடி வெச்சிருந்த?" என்றாங்க.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாண்டிக்காரர் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "நச்சுனு நிக்குதுங்க. யாரு மெக்கானிக்கு?" அம்மா என்னைக் காட்டினாங்க, நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். பழைய குழாயையும் அவரிடம் காட்டச் சொல்லியிருந்தேன். அவர் அந்தச் செம்புக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத வெச்சிக்கினா மலை எறங்குனாரு?"

"ஆமாங்க. மகளையும் வெச்சிக்கினு."

அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

குழாய்த் துண்டு இப்போது என் பெட்டியில் இருக்கிறது. கட்டைப் பிரிக்கவில்லை. நீங்க கேட்டீங்களா இல்லையா என்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது. வருகிற புதன்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் தனியாக ஏறப் போகிறேன். அந்த டீக்கடையில் இறங்கி, அன்றைக்கு நீங்க குடிக்காத டீயைக் குடித்துவிட்டு, அதே வளைவுகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பி வருவேன். கண்டக்டர் எங்கே என்று கேட்பார். கையைத் தூக்க மாட்டேன், வாயால் சொல்வேன். கபருஸ்தானில் படுத்திருக்கிற உங்களுக்கும் எட்டுகிற மாதிரி சொல்வேன், இது என் வாக்கு.

கேட்டால், இரண்டு தட்டு தட்டுங்க.

கை பிரேக் மேல் கை வைத்திருந்த உங்க மகள்,
நஸ்ரீன்