மதினி வாசிக்காத வருத்தம்

பிரியமுள்ள மதினிக்கு,

ஆனி முடியப் போகிறது, இன்னும் சாரலைக் காணோம். தென்காசியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. இதைச் சொன்னால், “ஏட்டி கோமதி, எனக்கே வானிலை வாசிக்கியா?” என்று கேட்பீர்கள். வேறு யாரிடம் போய் வாசிக்க?

கூலக்கடை பஜாரில் நம் உள்ளூர் சேனலின் மாடி அறையில் நீங்கள் செய்தி வாசித்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சுவரில் பச்சைத் துணி, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மேஜைக்கு மேலே பட்டுச்சேலையும் பொட்டுமாக வணக்கம் சொல்வீர்கள். கீழே ரப்பர் செருப்பு, கையில் பனையோலை விசிறி. ஃபேன் போட்டால் சத்தம் மைக்கில் விழுமே. செய்தியைத் தட்டச்சு செய்வதும் உங்களுக்குப் பவுடர் போடுவதும் என் வேலை. “எந்த வீட்டுலயாவது மதினிக்கு நாத்தனா பவுடர் போட்டு விடுவாளா?” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவீர்கள்.

உங்களைச் சுற்றித்தான் எத்தனை வம்பு! ஒரே சேலையை இரண்டு நாள் கட்டினால் போன் வரும். செய்திக்கு நடுவே சிரித்தால் போன் வரும். வடகரைப் பெரியவர் ஒருவருக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்தை நினைவஞ்சலியில் சேர்த்து வாசித்தீர்களே, அதை மறக்க முடியுமா? மறுநாள் அவரே மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றார். “ஏ தாயி, நான் உசுரோடதான் இருக்கேன், பாத்துக்கோ. ஆளாளுக்கு மாலையோட வாராவ!”

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நேற்றுச் சொன்னது தவறு என்று நேரலையிலேயே திருத்தினீர்கள். தாளை மாற்றி வைத்தது நான். அதை யாரிடமும் நீங்கள் சொல்லவில்லை. “தப்பா வாசிச்சா அதே மேஜையில உக்காந்துதாம்ட்டி திருத்தணும்” என்று மட்டும் என்னிடம் சொன்னீர்கள்.

அடுத்த வருஷம்தான் அது நடந்தது. சாரல் தள்ளிப்போயிருந்தது. விளம்பரம் கொடுக்கும் லாட்ஜ்காரர்களுக்காக, ‘குற்றாலத்தில் சீசன் களைகட்டியது’ என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். அருவியில் வெள்ளம் கொட்டும் பழைய படம் ஓடியது. நீங்கள் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு கேமராவைப் பார்த்தீர்கள்.

“இது போன வருடம் எடுத்த படம். இன்று மதியம் நானே போய்ப் பார்த்தேன். மெயினருவியில் பாறைதான் தெரிகிறது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் சாரல் தொடங்கியதும் வாருங்கள்.”

ஊரே கொதித்தது. வாசுதேவநல்லூர்க்காரிக்குக் குற்றாலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். அருவிக்குப் போகும் வழியில் சிப்ஸ் கடை வைத்திருந்த அண்ணன் வீட்டில் தட்டைத் தூக்கி எறிந்தான். “கட்டுன புருசன் பொழப்புலயே மண்ணள்ளிப் போட்டுட்டாளே!” நீங்கள் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளினீர்கள்.

வருத்தம் தெரிவித்து வாசிக்கச் சொன்னார் முதலாளி. மாட்டேன் என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்தேன் மதினி. உங்கள் நாற்காலியில், உங்கள் பவுடரைப் போட்டுக்கொண்டு. ‘எங்கள் செய்தி வாசிப்பாளர் தவறான தகவலைத் தந்தமைக்கு வருந்துகிறோம்.’ பயமா, ஆசையா? இரண்டும்தான்.

வீட்டுக்கு வந்தேன். டிவியை அணைத்துவிட்டு நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: “நல்லா வாசிச்சட்டி. ‘தவறான’ங்கிற இடத்துல மட்டும் தடுமாறிட்ட. அங்கன ஏன் தடுமாறுன?”

நான் பவுடரைக் கழுவப் போய்விட்டேன். நீங்கள் அந்த மாடிப் படியை மறுபடி மிதிக்கவில்லை. அண்ணன் கடையில் பொட்டலம் கட்டினீர்கள். பிறகு காய்ச்சல் என்று படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. உங்களுக்கு நினைவஞ்சலி வாசித்ததும் நான்தான். அதில் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இன்று காலை அண்ணன் போன் செய்தான். “அருவியில தண்ணி இல்லட்டி. பழைய படத்தப் போட்டுத் தொலைச்சிராதீங்க. எங்கருந்தோ வந்த பச்சப்பிள்ள ஒண்ணு துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு, பாறையப் பாத்து ஏங்கி ஏங்கி அழுது.” வைக்கப்போகிறான் என்று நினைத்தேன். “அன்னைக்கு அவ சொன்னது சரிதாம்ட்டி. அத அவகிட்ட நான் சொல்லவே இல்லயே” என்றான். அண்ணன் அழுது நான் கேட்டது அதுதான் முதல்முறை.

முதலாளி இன்றைக்கும் அதே வரியைத்தான் அனுப்பியிருக்கிறார்: சீசன் களைகட்டியது. நான் வேறு தாள் எழுதி வைத்திருக்கிறேன். நாற்காலி போனால் போகட்டும். அண்ணன் கடையில் பொட்டலம் கட்ட ஆள் இல்லாமல்தான் கிடக்கிறது.

மாலை ஏழு மணிக்கு, அதே மேஜையில் உட்கார்ந்து, முதலில் அருவியில் தண்ணீர் இல்லை என்று வாசிப்பேன். அடுத்து, ‘அன்று என் மதினி சொன்னது உண்மை. நான் வாசித்த வருத்தம்தான் தவறான தகவல்’ என்று வாசிப்பேன்.

‘தவறான’ என்ற இடத்தில் இந்த முறை தடுமாற மாட்டேன், மதினி.

உங்களுக்குப் பவுடர் போட்ட நாத்தனார்,
கோமதி