எள்ளுருண்டையில் பாதி

மத்திகிரி, 1954. ஆடி வெள்ளி, இரவு.

டைபாய்டு சுரத்தில் கொட்டிப்போன முடி வளரட்டும் என்று அத்தை எனக்கு நாள் தவறாமல் ராகிக் களியும் முருங்கைக்கீரையும் போடுகிறார். எந்த மாமியார் இப்படிப் பார்ப்பார் என்று உருகிப்போயிருந்தேன். இன்று கிணற்றடியில் பக்கத்து வீட்டு ராமக்கா விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். நான் பிழைத்தால் என் முடியைத் திருப்பதிக்குத் தருவதாக அத்தை வேண்டிக்கொண்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “மொட்டையடிக்கத்தானா இத்தன தீனி?”

எள்ளுருண்டையை நீட்டிய கை அப்படியே நின்றது. “நீ கண்ணே தொறக்கல. எனக்கு வேற என்ன தோணும்? இப்ப இருக்கற நாலு முடியக் கொண்டுபோயி சாமிக்குக் குடுத்தா நல்லாவா இருக்கும்?”

என் முடி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“உன்ன மட்டும் மொட்டையா நிக்க உட்ருவனா? என்னுதயும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்” என்றார்.

அவர் கொண்டையைப் பார்த்தேன். எலுமிச்சங்காய் அளவுகூட இல்லை.

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் எள்ளுருண்டையை வாங்கிப் பாதியாக உடைத்து அவர் கையில் வைத்தேன்.

“இத்தனூண்டு கொண்டைய வெச்சுக்கிட்டு சாமிகிட்ட எப்படிப் போவீங்க? நீங்களும் தின்னுங்க.”