வைதேகியின் கையைப் பிடித்தேன், அப்பா

என் ராசா அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கருமாதியன்று மாமா என்னிடம், "படிச்ச பொண்ணு, அப்பனப் பத்தி நாலு வார்த்தை எழுதிப் படியேம்மா" என்றார். பேனாவை எடுத்தேன். ஒரு வரி வரவில்லை. இத்தனை நாள் கழித்து இப்போதுதான் எழுத வருகிறது. அதுவும் உங்களைப் புகழ்வதற்காக இல்லை. ஒரு காரியம் நடந்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். உங்களிடம் சொல்கிற சாக்கில் நாலு பேர் காதிலும் விழட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. தென்னூரில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். உங்கள் மாப்பிள்ளை அதே ரயில்வே ஆபீசில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பாப்பாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். இரண்டு நாளாக இருமல். அவள் ஒரு தடவை இருமினால் நான் இரண்டு தடவை எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். "காய்ச்சல் இல்லடி, புள்ளயத் தூங்க விடு" என்று இவர் சத்தம் போடுகிறார். முன்பெல்லாம் நான் இப்படி இல்லை அப்பா.

சீரங்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எனக்கு ஆர்டர் வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்டோன்மெண்ட் பங்களாவில் துரைக்கு மத்தியானச் சாப்பாடு வைத்துவிட்டு, பட்லர் தலைப்பாகையோடு அப்படியே ஓடி வந்தீர்கள். நான் காலேஜில் படித்த நாலு வருஷமும் என்னை அழைத்துப் போக வரும்போது தலைப்பாகையையும் பெல்ட்டையும் கழற்றித் துணியில் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் நீங்கள். பட்லர் மகள் என்று என் சிநேகிதிகள் சொல்லிவிடக் கூடாதாம். அந்த ஒரு நாள் மட்டும் தெருவே பார்க்கத் தலைப்பாகையோடு வந்தீர்கள்.

"சீரங்கமா? அம்மாடி, சீரங்கத்துலயா உனக்கு உத்தியோகம்?"

"ஆமாப்பா. அங்க என்னைச் சேத்துக்குவாங்களா?"

"குளிச்சு, வெளுத்த துணி கட்டிக்கிட்டு, தலையைப் படிய வாரிக்கிட்டுப் போ. எவன் என்ன சொல்லிடுவான்? கேட்டா பி.ஏ.ன்னு சொல்லு."

"அதுக்கு மேலயும் கேட்டா?"

"எல்.டி.ன்னு சொல்லு!"

இரண்டு பேரும் எவ்வளவு சிரித்தோம்! பட்டம் வாங்கிவிட்டால் அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள் என்று நீங்கள் நிஜமாகவே நம்பினீர்கள். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கை உடைவதைப் பார்க்காமலே நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். அதற்குச் சந்தோஷப்படவா, அழவா?

பி.ஏ.வும், அதற்கு மேல் டீச்சர் பயிற்சிக்கான எல்.டி.யும் படித்த எனக்கு ஒன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். மேல் வகுப்புக்குப் போனால் பெரிய பெண்களின் வீட்டார் ஒப்பமாட்டார்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா முதல் நாளே மெதுவாகச் சொல்லிவிட்டார். என்னைவிடக் குறைவாகப் படித்தவர்கள் நாலாம் பாரத்துக்கு இங்கிலீஷ் நடத்துகிறார்கள். நான் அகர வரிசை. இதை உங்களிடம் அப்போது சொல்லவில்லை. "எந்தக் கிளாசு?" என்று கேட்டீர்கள். "எல்லா கிளாசும்தான்" என்றேன்.

ஆனால் குழந்தைகள் என்னவோ குழந்தைகள்தான். இந்த வருஷம் வந்த கும்பலில் ஒருத்தி வைதேகி. (பெயரை மாற்றி எழுதுகிறேன், அவள் அம்மாவுக்காக.) கோயிலை ஒட்டிய உத்தர வீதிக் குழந்தை. மெலிந்த உடம்பு, இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டும் இல்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். ஆனி மாசத்தில் ஒரு நாள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்.

"டீச்சர், நீங்க எங்களைத் தொட்டா ஆத்துக்குப் போனதும் தலைக்கு ஊத்திடுவா. தொடலேன்னா பாவாடை மாத்திண்டு கால் அலம்பினாப் போறும்."

"அப்படியா? உனக்குக் கோபம் வராதா?"

"ஊஹூம். தெனம் தலைக்கு ஊத்திண்டா முடி நீளமா வளருமாம். அம்மா சொன்னா. எனக்கு முழங்கால் வரைக்கும் வேணும்!"

அவள் அம்மா குழந்தையிடம் நிஜமான காரணத்தைச் சொல்லவில்லை. முடி வளரும் என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தப் பொய்க்காக அன்றைக்கு அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அன்றிலிருந்து நான் ஒரு வழி செய்தேன். எந்தக் குழந்தையையும் தொடுவதில்லை. திருத்திய சிலேட்டைக் கையில் கொடுக்கமாட்டேன். பெஞ்சின் மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பேன், குழந்தை வந்து எடுத்துக்கொள்ளும். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை அப்பா. நானே செய்தேன். தினம் மாலையில் இருபத்துமூன்று குழந்தைகள் என்னால் நனைய வேண்டாமே என்றுதான். நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மாசம் அடைமழை. வைதேகிக்கு அப்போதே லேசாகச் சளி. எல்லாக் குழந்தைகளும் எழுத்தில் முன்னேறிவிட்டன, அவளுக்கு மட்டும் 'இ' வளைய மறுக்கிறது. நான் தூரத்தில் நின்று காற்றில் எழுதிக் காட்டுகிறேன். அவள் சிலேட்டில் ஏதோ நத்தை மாதிரிச் சுருட்டுகிறாள். ஐந்தாவது தடவை அழித்தபோது உதடு பிதுங்கிவிட்டது. நானும் ஒரு பிள்ளையைப் பெற்றவள், அதற்கு மேல் பொறுக்குமா? போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். சேர்ந்தாற்போல மூன்று 'இ' எழுதினோம். நாலாவதை அவளே எழுதினாள்.

"வந்துடுத்து டீச்சர்! வந்துடுத்து!" என்று குதித்தாள்.

பிடித்த பிறகுதான் மழையைப் பார்த்தேன். வீட்டில் சொல்லாதே என்று அவள் காதில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆறு வயசுக் குழந்தைக்கு மறைக்கக் கற்றுக்கொடுக்கவா வந்தோம் என்று விட்டுவிட்டேன். நீங்கள் தலைப்பாகையைச் சுருட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மறைப்பது எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. சொல்லுங்கள் அப்பா, அன்றைக்கு மட்டும் நான் மறைக்கச் சொல்லியிருக்க வேண்டுமா?

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பள்ளிக்கூடத்து ஆயா பாக்கியம்தான் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை அழைத்து வருகிறவள். ஆறாம் நாள் காலையில் கூட்டமாகக் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு என் பக்கமாக வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, அந்த ஓட்டைப்பல்லு போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"போயிடுச்சும்மா. விடியக்காலைல. நெஞ்சுச் சளியாம். நீங்க கையைப் புடிச்சு எழுதிக் குடுத்தீங்கன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு ஓடுச்சாம். அன்னிக்குச் சாயங்காலம் தலைக்கு ஊத்துனதுதான்."

அன்று பகல் முழுக்கப் பாடம் நடத்தினேன். எப்படி நடத்தினேன் என்று கேட்காதீர்கள்.

ஒரு வாரத்தில் நாலு பெரியவர்கள் வந்து ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தார்கள். ஊற்றிய தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையாம். தொட்ட கையைப் பற்றித்தான் பேச்சு. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கெட்டவர் இல்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்களுக்கும் சின்னக் குழந்தை இருக்கு. பாலத்தைத் தாண்டி தெனம் வந்து போறீங்க. குழந்தையைப் பாத்துக்க முடியலை, மாற்றல் வேணும்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. உங்க ஜனங்களுக்குன்னு இருக்கற பள்ளிக்கூடத்துலயே போட்டுடுவாங்க. உங்களுக்கும் நிம்மதி."

"நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?"

"தப்புன்னு யார் சொன்னா? அதனாலதான் நீங்களே எழுதுங்கன்னு சொல்றேன்."

யோசிக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார். நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு வெட்கம் இல்லை அப்பா. அங்கே என் கை பட்டால் எந்தக் குழந்தையும் குளிக்க வேண்டாம். எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? ஆனால் நானாகக் கேட்டுப் போனால், வைதேகி என்னால்தான் செத்தாள் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகாதா? போகாமல் இருந்தால் இன்னொரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு பக்கமும் பள்ளம்தான். "எழுதிக் குடுத்துட்டு வந்துடு, நமக்கும் ஒரு புள்ள இருக்கு" என்கிறார் இவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

போன திங்கட்கிழமை வைதேகியின் அம்மா வந்தாள். தீட்டெல்லாம் கழிந்து, மத்தியான வேளையில், பாக்கியத்தோடு பின்வாசல் வழியாக வந்தாள். என்னைவிடச் சின்னவள். இருபத்திரண்டு இருக்கும். குழந்தைகள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"அவ சிலேட்டு இங்கதான் இருக்குன்னா. வாங்கிண்டு போக வந்தேன்."

ஒன்றாம் வகுப்புச் சிலேட்டுகளை நாங்கள் அலமாரியில்தான் வைப்போம். எடுத்தேன். நாலு 'இ'யும் அழியாமல் இருந்தன. அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா அப்பா? பெஞ்சின் மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனேன்.

யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகப் போயிற்று. அவள் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. என் கையிலிருந்து நேராக வாங்கிக்கொள்ள வந்திருக்கிறாள். அதற்காகவே வந்தாளோ என்னவோ. எனக்குப் புரிவதற்குள் அவள் குனிந்து பெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"எப்பவும் வெந்நீர்தான் வெப்பேன் டீச்சர்" என்றாள், சிலேட்டைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்கு மழையில வெறகெல்லாம் நனைஞ்சு போயிடுத்து. அடுப்புப் பத்தலே. இருட்டிண்டு வரது, மாமியார் அவசரப்படுத்தறா. ஒரு நாள்தானேன்னு…"

நாலு எழுத்தின் மேலும் விரல் படாமல் ஓட்டினாள்.

"இதுல எது அவளே எழுதினது?"

"கடைசி."

"நன்னா இருக்கோ?"

"நல்லா இருக்கும்மா. சுழி சரியா வந்திருக்கு."

தலையை ஆட்டினாள். சிலேட்டில் எழுத்து அழியாதபடி, புடவைத் தலைப்புப் படாமல் பிடித்துக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போனதும் அவளும் குளித்திருப்பாள். மழையில்லை, விறகு காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைக்க?

தொடாதே என்று மற்றவர்கள் சொன்னதை நான் தாங்கிக்கொண்டேன் அப்பா. என் காலே அதைக் கற்றுக்கொண்டுவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பெற்ற குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி கை நீட்டுகிறாள், நான் பின்னால் போகிறேன். நீங்கள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றபோது உங்கள் காலும் இப்படித்தான் தானாக நின்றதா? ஒரு நாளும் உங்களைக் கேட்டதில்லை. இனி யாரைக் கேட்க?

வருகிற ஆனி மாசம் பாப்பாவைப் பள்ளியில் போட வேண்டும். என்னோடு அழைத்துப் போய் என் வகுப்பிலேயே உட்கார வைக்கலாம் என்று ஒரு ஆசை இருந்தது. பக்கத்தில் யார் உட்காருவார்கள்? அவளைத் தொட்ட குழந்தைகளையும் குளிக்க வைப்பார்களா? முன்பு இதையெல்லாம் நினைத்தால் கோபம் வரும். இப்போது பயம் மட்டும்தான் வருகிறது. நம்பிக்கை என்று ஏதாவது சொல்லி இதை முடிக்கலாம் என்று பார்க்கிறேன், இல்லாததை எப்படி எழுதுவது?

ஆனாலும் வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது என்று தீர்மானம் செய்துவிட்டேன். மாற்றல் கேட்டு எழுதிக் கொடுக்கப் போவதில்லை. அனுப்ப வேண்டும் என்றால் அவர்களே அனுப்பட்டும். என்ன காரணம் என்று அவர்கள் கையாலேயே ஒரு காகிதத்தில் எழுதட்டும். எழுதத் துணிந்தால் போகிறேன். பாக்கியத்திடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறேன். குழந்தைகளைக் கொண்டுபோய் விடும்போது ஒவ்வொரு வீட்டிலும், "ஊத்தறதா இருந்தா வெந்நீரா ஊத்தச் சொன்னாங்க டீச்சரு" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். "இதை என் வாயால எப்படிம்மா சொல்லுவேன்" என்று அழுதாள். சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். மார்கழியும் தையும் போகிற வரைக்கும் எந்தக் குழந்தையின் கையையும் பிடிக்கமாட்டேன். தூரத்தில் நின்றே சொல்லித் தருவேன். பங்குனி வெயில் வந்து, தண்ணீர் ஊற்றினாலும் உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று ஆன அன்றைக்கு, அந்த வகுப்பில் நான் இருந்தால், இருபத்திரண்டு பேருடைய கையையும் ஒவ்வொன்றாகப் பிடித்து எழுத வைப்பேன்.

உங்கள் மூத்த மகள்,
பாப்பாவைப் பெற்றவள்.