பாதி மட்டும் சொன்ன ரத்த வகை

அக்கா,

இன்று விழுப்புரத்தில், எங்கள் கல்லூரியில் ரத்ததான முகாம். ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கையில் தேய்த்தார்கள். அந்த வாசனையில் நீங்கள் வந்துவிட்டீர்கள். அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள்: ஓ பாசிட்டிவ். உங்களுடையதும் அதுதான்.

திண்டிவனத்திலிருந்து காலை பாசஞ்சர். பெண்கள் பெட்டி. அங்கேதான் அந்த நாளில் நாம் பழகினோம். நீங்கள் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தீர்கள். நான் விலங்கியல் நடத்தத் தொடங்கியிருந்தேன். மாதவிலக்கு நின்று சில வருடங்கள் கழித்து மறுபடி உதிரம் பட்டதை முதலில் என்னிடம்தான் சொன்னீர்கள். கர்ப்பப்பையில் புற்றுநோய். சென்னையில் ஆபரேஷன். பிறகு கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டை என்னிடம் நீட்டினீர்கள்.

"நீ படிச்சவ. இதுல ஏதாச்சும் நல்லதா இருக்குதா பாரு."

நல்லதாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஓரத்தில் ரத்த வகை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

பல்கலைக்கழக நூலகத்தில் தேடினேன். ரத்த வகைக்கும் இந்த நோயில் பிழைப்பதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றார்கள் சிலர். இல்லை என்றார்கள் சிலர். உறுதியாக யாரும் சொல்லவில்லை. நான் முதல் பாதியை மட்டும் ரயிலுக்குக் கொண்டுவந்தேன்.

"ஓ குரூப் தாங்குமாம் அக்கா."

ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். நீங்கள் பெட்டி முழுக்கச் சொன்னீர்கள்.

"கேட்டுக்கினீங்களாடி? என் ரத்தம் நல்ல ரத்தமாம்!"

"அப்ப ரேஷன்ல ஊத்தச் சொல்லுங்க, நாங்களும் கார்டு எடுத்துக்கினு வர்றோம்" என்றார் எதிர் சீட்டு டீச்சர். நீங்கள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த அவித்த மல்லாட்டைக் கடலை தரையெல்லாம் சிதறியது. அந்தச் சிரிப்பு என்னால் வந்தது என்று அன்று பெருமையாக இருந்தது.

அடுத்த செக்கப்புக்கு நீங்கள் போகவில்லை. அதற்கடுத்ததற்கும்.

"பெரியவ கல்யாணம் முடியட்டும். நல்ல ரத்தந்தானே, எங்க ஓடிப்போவுது?"

அப்போதும் மறுபாதியை நான் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது. தினமும், திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை.

மறுபடி உதிரம் பட்டதை ஐந்து மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தீர்கள்.

நீங்கள் படுக்கையில் இருந்தபோது வந்து சொன்னேன், அன்று பாதிதான் சொன்னேன் என்று.

"தெரியும்டி. நீ என் மொகத்தப் பாக்காம சொன்னப்பவே தெரியும். எனக்கு அது வேண்டியிருந்துச்சு."

அது மன்னிப்பா? தெரியவில்லை. போய்க் காட்டியிருந்தால் இருந்திருப்பீர்களா? அதுவும் தெரியவில்லை.

இன்று எங்கள் துறை ஆயா என் அட்டையை எட்டிப் பார்த்தார். அவரும் அதே ரயிலில் வருபவர்.

"எனக்கும் இதே குரூப்புதான் மேடம். இதுக்குக் கர்ப்பப்பை வியாதி ஒண்ணும் பண்ணாதாமே? ரயில்ல சொல்லிக்கினாங்க."

நீங்கள் போன பிறகும் அந்தப் பாதி பயணம் செய்துகொண்டிருக்கிறது, அக்கா.

அவர் முகத்தைப் பார்த்தேன். மறுபாதியைச் சொன்னேன். நாளை காலை, பெட்டி முழுக்கச் சொல்ல வேண்டும்.