மண்டியிலிருந்து வந்த சவ்வு

ஐப்பசி 9, வியாழன்.

எங்கள் நாய் மணி செத்துப்போயிற்று. தோல் மண்டியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், தோலிலிருந்து சீவின சவ்வை நேற்றுத் தம் சோற்றுத் தூக்கிலேயே கொண்டுவந்து அதற்குப் போட்டார். பூச்சி அரிக்காமலிருக்க அந்தத் தோலுக்குப் பாஷாணம் பூசுகிறவரே இவர்தான்! காலையிலிருந்து மணிக்கு ஒரே வாந்தி. கம்பவுண்டர் சொன்னபடி முட்டை வெள்ளைக்கருவைப் பாலில் அடித்துப் புகட்டினேன். பிழைக்கவில்லை.

"நல்லா கழுவிட்டுத்தானே போட்டேன்" என்கிறார். கழுவினால் போகிற விஷத்தையா மண்டிக்காரன் காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறான்?

மணியைப் புதைத்த குழியிலேயே அந்தத் தூக்கையும் போட்டு மூடினேன்.

"நாயிக்காக நல்ல தூக்கை இன்னாத்துக்குப் பொதைச்சே? நாளைக்கு எனக்குச் சோறு எதுல கட்டுவே?" என்று கத்துகிறார்.

நாய்க்காகவா புதைத்தேன்?