நாலாவது டிராக்கில் நீ

என் சேவியர் கண்ணுக்கு,

நீ போன பிறகு நம் வீட்டில் யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை. பொழுது சாய்ந்தால் அம்மா சிம்னி விளக்கை ஏற்றிவிடுகிறாள். ஃபேன் ஓடாமல் வியர்த்துக் கிடக்கிறோம். சிரிக்காதேடா. பாகூர் கல்யாணப் பந்தலில், மழை விட்ட ஈரத்தில் நின்று மைக்கைப் பிடித்த நீ "அலோ" சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் அடித்து விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

உன் ரெக்கார்டர் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம் சொல்தா மாமா உனக்காகக் கொண்டுவந்த பெட்டி. ஒரே கேசட்டில் நாலு டிராக், ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பதியலாம் என்று வில்லியனூர் முழுக்கச் சொல்லித் திரிந்தாயே! மாதா திருவிழாவுக்கு நீ ஆரம்பித்த பாட்டு அதில் முக்கால்வாசி முடிந்து நின்றது. முதல் டிராக்கில் உன் ஆர்மோனியம். அடுத்ததில் உன் கூட்டாளி சுந்தரத்தின் தபேலா. மூன்றாவதில் நான். நாலாவதில், எனக்கு வழிகாட்டுவதற்காக நீ பாடி வைத்த குரல்.

"அது சும்மாக்கா. கடைசில அத அழிச்சிட்டு நீயே ரெண்டாங்கொரலும் பாடிடணும்" என்றாய். அப்போது தலையாட்டினேன்.

நீ போன முதல் மாத நினைவுப் பூசை முடிந்ததும் சுந்தரம் வந்தான். "பாட்டு ரெடியாவுமான்னு மாதா கோயில் சாமியார் கேக்கறாருக்கா."

உன் குரல் மிச்சமிருக்கிற ஒரே இடம் அந்த நாலாவது டிராக். அதை அழித்து அதன்மேல் நான் பாடுவதா? யாருக்குடா மனசு வரும்?

"மொதல்ல ஒரு காப்பி எடுத்துக்கலாம்" என்று தன் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து ஒயரால் இணைத்தான். இரண்டுமே பேட்டரியில்தான். கரண்ட் என்ற பேச்சை அவனும் எடுக்கவில்லை.

மற்ற மூன்று டிராக்கின் சத்தத்தையும் இறக்கிவிட்டு உன்னை மட்டும் ஏற்றினேன். ஹெட்போனில் நீ. "அக்கா, இங்க மூச்ச வுடு. ரெண்டாவது வரில அவசரப்படாத." அவ்வளவு கிட்டத்தில் கேட்டது. திரும்பியே பார்த்துவிட்டேன்.

சரணம் பாதி போவதற்குள் உன் குரல் தடித்தது. பிறகு இழுத்தது. உன்னை யாரோ கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவது போல ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கத்தினேன். "என் தம்பிய இன்னாடா பண்ண?"

சுந்தரம் வெலவெலத்துப் போனான். "பேட்டரிக்கா. எறங்கிப்போயி மெதுவா சுத்துது. புதுசு போட்டாலும் பாதில எறங்கிடுச்சின்னா பாட்டு பாதி ஒரு சுருதி, மீதி ஒரு சுருதி ஆயிடும். கரண்ட்டுல போட்டாத்தான் சுருதி நிக்கும்."

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "கரண்ட்டா? ஒரு புள்ளய வாரிக் குடுத்தது போதாதா? இவளயும் குடுக்கணுமா நானு?"

அவளாகவே குனிந்து ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாள். நீ அந்த ஆழத்திலிருந்து முனகிக்கொண்டிருந்ததைக் கேட்டாள். விடுவிடுவென்று வாசலுக்குப் போய் ரப்பர் செருப்போடு வந்தாள். வீட்டுக்குள் செருப்புக் காலோடு வந்தால் துடைப்பத்தைத் தூக்குகிறவள்!

"போட்டுக்க. கைய நல்லா தொடச்சிக்க. நான் பின்னாலயே நிக்கறேன்."

"நான் சொருவறன்க்கா" என்றான் சுந்தரம்.

"உன்னப் பெத்தவளுக்கும் நீ ஒருத்தன்தான்டா. தள்ளு" என்றேன்.

பிளக்கைச் சொருகும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அம்மா முணுமுணுத்த அருள் நிறைந்த மரியே ஜெபம் மட்டும் காதில் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. நீ உன் சுருதிக்குத் திரும்பி வந்தாய்.

காப்பி எடுத்தோம். அதை முதலிலிருந்து கடைசி வரை கேட்டோம். பிறகு நாலாவது டிராக்கின் ரெக்கார்ட் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, "நாலுதானே? நாலுதானேடா?" என்று சுந்தரத்தைப் பிடுங்கி எடுத்தேன். பட்டனை அழுத்தியதும் ஹெட்போனில் நீ காணாமல் போனாய். அந்த இடத்தில் என் மூச்சு மட்டும் இரைந்தது. குரல் நடுங்கத்தான் செய்தது. நிறுத்தாமல் பாடி முடித்தேன்.

அடுத்த நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கலந்தோம். தபேலாவைக் கொஞ்சம் குறைத்து, ஆர்மோனியத்தைக் கொஞ்சம் ஏற்றி. வரி முடிந்து வாத்தியமும் ஓய்ந்த ஓர் இடத்தில், எறும்பு ஊர்வது போல, நீ. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"அழிச்சிட்டோமேடா!"

சுந்தரம் முகத்திலும் ரத்தமில்லை. ஒவ்வொரு டிராக்காகத் தனியே போட்டுக் கேட்டான். நீ மூன்றாவதில் இருந்தாய், என் குரலுக்குப் பின்னால். அன்றைக்கு உன்னைக் கேட்டுக்கொண்டேதானே நான் பாடினேன்? என் ஹெட்போனிலிருந்து நீ கசிந்து என் மைக்கிலேயே விழுந்திருக்கிறாய்.

"வோணும்னா அந்த எடத்துல மட்டும் கொறச்சி உட்டுடலாம்க்கா."

"கைய எட்றா" என்றேன்.

திருவிழாவில் ஸ்பீக்கரில் பாட்டு வந்தபோது நான் ஸ்பீக்கர் கம்பத்தை விட்டு எட்டியே நின்றேன். ஊரில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கூடவே பாடறான் பாரு" என்றாள். அவளுக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை, சேவியர்.

இப்போது பூரணாங்குப்பத்துப் பாடகர் குழு தங்கள் பாட்டையும் பதிந்து தரச் சொல்லிக் கூப்பிடுகிறது. போகப்போகிறேன். பிளக்கைப் பார்த்தால் இன்னும் பயம்தான். அது போகுமென்று எனக்குத் தோன்றவில்லை. போகவும் வேண்டாம். நான் இருக்கிற இடத்தில், ஒயர் முழுவதையும் என் கண்ணால் பார்க்காமல் ஒரு பிள்ளை கையிலும் மைக்கைக் கொடுக்க விடமாட்டேன். தரை ஈரமென்றால் பாட்டே வேண்டாம் என்பேன். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்ளட்டும், சாமியாரே கோபித்துக்கொள்ளட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு ஒரே மைக்கில் பாடிய
உன் அக்கா