துப்பாக்கியைக் கீழே வைத்த நாள்

நவம்பர் 9, 1937. அராகோன் போர்முனை

வேல்ஸிலிருந்து ஸ்பெயினுக்குச் சண்டை போட வந்து வருடம் திரும்பப் போகிறது. இன்னும் ‘பெருசு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மழை. பருப்பில் கல். இந்த மலைப் பக்கத்து ஊர்க்காரன் ஹசிந்தோ தன் ரொட்டியில் பாதியைத் தந்தான். நன்றி சொன்னால் திட்டுகிறான்.

நவம்பர் 11

ஹசிந்தோ போய்விட்டான். தலையில் குண்டு.

நவம்பர் 12

“காவலை விட்டுட்டு எங்கய்யா போனே?” என்றார் கேப்டன் லோமாக்ஸ்.

எங்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒருவன் செத்தால் எல்லோரும் கருவியைக் கீழே வைப்போம். அவனை வீடு சேர்க்காமல் யாரும் மறுபடி தோண்டமாட்டோம். நேற்று என் கை தானாகத் துப்பாக்கியைக் கீழே வைத்தது. ஹசிந்தோவைக் கழுதைமேல் ஏற்றி, மலைக்குப் பின்னாலிருக்கும் அவன் ஊருக்குக் கொண்டுபோய், அவன் அம்மா ஃபெலிசாவிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினேன்.

“இது சுரங்கமில்ல. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறேன். இல்லேன்னா வேல்ஸுக்கே அனுப்பிடுவேன்,” என்றார் கேப்டன்.

சொல்லமாட்டேன். ஆனால் ஓடிப்போனவன் என்ற பெயரோடு ஊர் திரும்புவதா? அதற்கா வந்தேன்?

நவம்பர் 14

எல்லோர் முன்னாலும் விசாரணை.

“நீ போன நேரத்துல எதிரி வந்திருந்தா?” என்றார் கேப்டன். வந்திருக்கலாம்தான். அதற்காகத் தப்பு என்று சொல்லிவிடுவேனா?

அப்போது ஃபெலிசா வந்தாள். முழங்கால்வரை சேறு. என்னை அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டு மலையை நடந்தே தாண்டியிருக்கிறாள்.

“எம் புள்ள முகத்தப் பாத்துப் பொதச்சேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு அவ புள்ள எந்தப் பள்ளத்துல கெடக்கான்னே தெரியாது. இந்தக் கெழவன எங்க அனுப்புறீங்க?”

“பெருசு, உனக்கு ஜோடி கெடச்சாச்சு,” என்றான் எங்கள் குழுவின் வாயாடி கல்லிஸ்தோ. அவள் பார்த்த பார்வையில் வாயை மூடினான்.

கேப்டன் எழுந்து அவளுக்குத் தன் இருக்கையைக் கொடுத்தார். பிறகு என்னிடம், “ஆளத் தூக்குறதுதான் ஒனக்குப் பெருசுன்னா இனிமே அதையே செய். துப்பாக்கியக் குடு.”

காயம்பட்டவர்களைத் தூக்கும் ஸ்ட்ரெச்சர் வேலை. சண்டைக்கு வந்தவன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்குவது அநியாயம். இதை எங்கேயும் சொல்வேன். ஆனாலும் இருக்க விட்டார்கள். மகனைப் புதைத்த ஈரம் காயாமல் எனக்காக மலையேறி வந்திருக்கிறாள் ஒருத்தி. என்ன செய்துவிட்டேன் இவளுக்கு?

நவம்பர் 15

ஃபெலிசா ஊருக்குக் கிளம்பும்போது நன்றி சொல்ல வாயெடுத்தேன். மகனைப் போலவே அவளும் திட்டினாள்.

நவம்பர் 22

காலையில் சரிவில் குண்டு விழுந்தது. கல்லிஸ்தோவுக்குத் தொடையில். நானும் இன்னொருவனும் தூக்கினோம்.

“ஆட்டாமப் போ பெருசு. கரி மூட்டையா நான்?”

“கரி மூட்டை வாய் பேசாதுடா.”

வழியெல்லாம் என் நடையைக் குறை சொன்னான். அவன் பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று நானும் விடாமல் பதிலுக்குத் திட்டிக்கொண்டே இறங்கினேன். மருத்துவக் கூடாரம் வந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தான்.